ஏழு கிலோமீட்டர் காணவில்லை

"பொம்பளைக்குத் துப்பறியற வேலை எதுக்குங்க? பொழுது போகலைன்னா ஊட்ல உக்காந்து தறி நெய்யலாமில்ல?"

பாலசுந்தரம் இதைச் சொன்னபோது சாரதாமணி ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை அவள் எப்போதோ செங்கோட்டையனிடம் ஒப்படைத்துவிட்டாள்.

"அவங்க தறிக்காரங்க ஊட்லதானுங்க பொறந்தாங்க," என்றான் செங்கோட்டையன். "இழை எங்க அறுந்துச்சுன்னு தேடிப் பிடிக்கற பழக்கம் போகல. உங்க தங்கச்சி விசயத்துல நீங்க அறுத்துட்டீங்க, நாங்க தேடறோம். அவ்வளவுதானுங்க."

"உன்ற நாக்கை அறுக்கறதுக்கும் ஆள் இருக்குது."

"கியூவுல நிக்கச் சொல்லுங்க. திருச்செங்கோட்டுல ஏற்கனவே நாலு பேரு நிக்கறாங்க."

சேந்தமங்கலத்தில் அந்த வீட்டு வாசலுக்கு அவர்கள் வந்து மூன்றாவது நாள். எண்பத்து நாலாம் வருஷத்துப் பங்குனி வெயில் காலை பத்து மணிக்கே களத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. இந்த மூன்று நாளில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. வேலைக்குக் கூப்பிட்டவரே எதிரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தால் சம்பளத்துக்கு வந்தவன் என்ன செய்வான்? செங்கோட்டையன் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவன். பிறகு போர்வெல் போடுகிற ரிக் லாரி. முதுகு போனதும் சேலம் அம்மாபேட்டையில் சாரதாமணி நடத்தும் துப்பறியும் நிலையத்தில் சேர்ந்தான். அவள் அதற்கு முன் பதினோரு வருஷம் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டான்.

காணாமல் போனவள் பாலசுந்தரத்தின் தங்கை வள்ளியாத்தாள். வயது இருபத்தாறு. ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, அண்ணனோடு ஏதோ மனஸ்தாபம் என்று வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள். பட்டறையில் வேலைக்கு விட்டிருந்த தன் ஜீப்பை எடுத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் சேலம் ஜங்ஷன் வாசலில் ஜீப் மட்டும் நின்றது. ரயிலேறிவிட்டாள் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது.

அந்த ஜீப்தான் இப்போது களத்தில் நின்றது. பழைய ராணுவ ஏலத்து வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். ஆனால் இதன் பாரம் தாங்கும் கமான் பட்டைகளில் கூடுதல் பட்டைகள் சேர்த்து, உடம்பை முழுசாக உயர்த்தி, அடியில் தடிமனான டயர்களை மாட்டியிருந்தார்கள். டயர் இடிக்காமல் இருக்க மட்கார்டின் ஓரத்தை வெட்டி விட்டிருந்தது.

"ஜீப்புக்கும் ஒட்டகத்துக்கும் கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி இருக்குது," என்றான் செங்கோட்டையன்.

சாரதாமணி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "இதை எதுக்கு உயர்த்தினாங்க உங்க தங்கச்சி?"

"கொழுப்பு. எங்கப்பன் அவளுக்குன்னு மலையடிவாரத்துல காடு தோட்டம் எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு. வழியில இருந்த பாலத்தை வெள்ளம் அடிச்சுட்டுப் போயி மூணு வருசமாச்சு. ஆடுகூட அங்க போவாது. அதுக்கு வண்டியில போறேன்னு நின்னா."

"போலீஸ் மீட்டரைப் பார்த்தாங்களா?"

"பாக்காம? பட்டறை நோட்டுல வண்டிய எடுத்தப்ப என்ன நம்பர்னு இருக்குது. ஜங்ஷன்ல நின்னப்ப என்ன நம்பர்னு இன்ஸ்பெக்டர் பார்த்தாரு. ரெண்டுக்கும் நடுவுல அறுபது. பட்டறையிலிருந்து ராசிபுரம் வழியா ஜங்ஷனுக்கு அறுபதே கிலோமீட்டர். எங்கயும் நிக்கல, திரும்பல, நேரா ரயிலுக்குப் போயிருக்கா. எவனோ காத்துட்டு இருந்திருக்கான்."

சாரதாமணி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவள் குள்ளமான உருவம். ஏறுவதற்கே கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. எதிரே இருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க தங்கச்சி என்னை விட உயரமா?"

"உங்க உசரந்தான்."

"எனக்கு இந்தக் கண்ணாடியில மேல்படுதா மட்டும்தான் தெரியுது. செங்கோட்டையன், நீங்க ஏறுங்க."

செங்கோட்டையன் ஆறடிக்கு மேல். ஏறி உட்கார்ந்ததும் பின்னால் களம், வாசல், வாசலுக்கு அப்பால் வேப்பமரம் எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தது.

"ஜங்ஷனிலிருந்து இதை ஓட்டிட்டு வந்தது யாருங்க?"

"நாந்தான்."

"கண்ணாடியைத் திருப்பலையா?"

"நான் கண்ணாடி பாக்கறதில்லைங்க. பொறத்தால வாரவன் என்னைப் பாத்து வரட்டும்."

சாரதாமணி தலையாட்டினாள். ஜங்ஷனுக்கு இந்த வண்டியை ஓட்டிப் போனவள் வள்ளியாத்தாள் அல்ல. ஓர் உயரமான ஆள்.

"நாந்தான் சொன்னேனே, எவனோ ஒருத்தன்!" பாலசுந்தரத்தின் முகம் கறுத்தது. "வண்டிய எடுத்துட்டுப் போங்க. எங்க வேணா சுத்துங்க. ஆனா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவ எங்கன்னு எனக்குத் தெரியோணும்."

"அஞ்சு மணிக்கு மேல தெரிஞ்சா?"

"அஞ்சு மணிக்கு மேல நீங்களும் வேண்டாம், அவளும் வேண்டாம்."

தங்கையைத் தேடுகிறவன் பேசுகிற பேச்சா இது என்று செங்கோட்டையனுக்குப் பட்டது. வாயில் வந்த நக்கலை விழுங்கிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பட்டறை ஊரின் மலைப்பக்கத்து ஓரத்தில் இருந்தது. தகரக் கொட்டகை, துருத்தி, சுவரோரம் பழைய டயர்கள். பட்டறைக்காரர் சின்னுசாமி பழுக்கக் காய்ச்சிய கமான் பட்டையைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் நிமிர்ந்தபோது கொட்டகையின் விட்டம் தலையில் இடிக்காமலிருக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டார். செங்கோட்டையன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவனைப் பார்க்கவில்லை.

"வேலை நடக்குது. அக்கட்டால நில்லுங்க," என்றார் சின்னுசாமி.

"இந்த ஜீப்புக்கு என்னென்ன செஞ்சீங்க?"

"போலீசுக்குச் சொல்லியாச்சு."

"எனக்குச் சொல்லலையே."

"நீங்க யாருன்னு உங்களுக்குச் சொல்லோணும்? அந்தாளு கூலிக்குக் கூட்டியாந்த ஆளுக."

"கூலின்னா கூலிதானுங்கண்ணா," என்றான் செங்கோட்டையன். "நீங்க என்ன, பட்டறையில அன்னதானமா நடத்தறீங்க?"

சின்னுசாமி சம்மட்டியைக் கீழே வைக்காமலே பேசினார். முன்னும் பின்னும் இரண்டிரண்டு பட்டை கூடுதல், நீளமான யூ போல்ட், ஆறுக்குப் பதினாறு டயரைக் கழற்றிவிட்டு ஏழரைக்குப் பதினாறு. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் வந்தாள், வண்டியை எடுத்தாள், போனாள். அதற்கு மேல் தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் பட்டையில் ஓர் அடி விழுந்தது.

"கழற்றின டயர் அதுதானா?"

சுவரில் சாய்ந்திருந்த நாலு டயரை அவர் கண்ணாலேயே காட்டினார்.

சாரதாமணி தன் கறுப்புப் பையைத் திறந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். பழைய டயரைச் சுற்றி நூலை ஒரு சுற்று ஓட்டி அறுத்தாள். பிறகு ஜீப்பின் டயரைச் சுற்றி இன்னொரு சுற்று. இரண்டு இழைகளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினாள். ஒன்று ஏழரை அடிக்கு ஒரு விரல் குறைவாக இருந்தது. மற்றது எட்டு அடி நாலு அங்குலம்.

செங்கோட்டையனுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பதினெட்டு வருஷம் டயரோடு குடும்பம் நடத்தியவன். இது எப்படி அவன் மண்டைக்கு எட்டவில்லை?

"மீட்டருக்குக் கண் கிடையாது," என்றாள் சாரதாமணி. வகுப்பில் பேசுகிற குரல். "சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னுதான் அது எண்ணும். ஒரு சுத்துக்கு ஏழரை அடின்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இப்ப ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி ஒரு சாண் கூடப் போகுது. அது தெரியாம இது பழைய கணக்கையே எண்ணிக்கிட்டிருக்கு."

"அப்ப மீட்டர் அறுபது காட்டினா..."

"ஓடினது அறுபத்தேழு. நேரா ஜங்ஷனுக்குப் போயிருந்தா மீட்டர் ஐம்பத்து நாலுதான் காட்டியிருக்கணும். கணக்கு கச்சிதமா வந்ததுதான் தப்பு. ஏழு கிலோமீட்டரைக் காணோம்."

சம்மட்டி நின்றுவிட்டது.

சாரதாமணி திரும்பி சின்னுசாமியை நேராகப் பார்த்தாள். "இன்ஸ்பெக்டர் இதே இடத்துல நின்னு அறுபதுக்கு அறுபது சரின்னு எழுதினார். நீங்க பக்கத்துல இருந்தீங்க. இத்தனை வருஷமா டயர் மாத்தறவர். அந்தக் கணக்கு தப்புன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

"கேக்கல. சொல்லல."

"வாயைத் திறந்தா யாருக்கு ஆபத்து?"

"ஏனுங்க, போலீசுக்குப் பாடம் எடுக்க நானென்ன வாத்தியாரா?" அவர் சம்மட்டியைப் போட்டுவிட்டு டயர் லீவரைக் கையில் எடுத்தார். "வெளிய போங்க. பொம்பளைன்னு பாக்கறேன். அந்தப் புள்ள எங்கயோ உசுரோட இருக்கட்டும். உட்டுருங்க."

"உசுரோட இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லீவர் உயர்ந்தது. செங்கோட்டையன் நடுவில் போய் நின்றான். கொஞ்ச நேரம் இரண்டு உயரமான ஆட்களும் மூச்சு முட்டுகிற நெருக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். சின்னுசாமியின் கண்ணில் இருந்தது கோபம் மட்டுமில்லை, பயமும்தான் என்று செங்கோட்டையனுக்குத் தெரிந்தது. இவ்வளவு பெரிய ஆள் தனக்காகப் பயப்பட மாட்டான்.

"போலாம்," என்றாள் டீச்சர்.

வண்டியில் ஏறியதும் மீட்டர் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டாள். "போக மூணரை, வர மூணரை. வழியில எங்க வேணா திரும்பியிருக்கலாம். ஆனா ராசிபுரம் வழி முழுக்கத் தார் ரோடு. தார் ரோட்டுல போக யாரும் வண்டியை உயர்த்த மாட்டாங்க. இங்கிருந்தே தேடலாம். மலைப்பக்கம் ஓட்டுங்க. மீட்டர் குறைச்சுத்தான் எண்ணும், அதுல மூணு தாண்டினதும் நிறுத்துங்க."

செங்கோட்டையன் ஓட்டினான். புளியமரங்கள் முடிந்து மரவள்ளிக்காடு வந்தது. எதிரே கொல்லிமலை நீலமாக எழுந்து நின்றது. கண்ணாடியில் பின்னால் தூரத்தில் புழுதி தெரிந்தது. மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வருகிற லாரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததற்காக அன்று சாயங்காலம் வரை அவன் தன்னைத்தானே வைதுகொண்டிருந்தான்.

மீட்டரில் மூன்று தாண்டியதும் பாதை அறுந்தது. முன்னால் ஓடை. உடைந்த தரைப்பாலத்தின் இரண்டு முனைகள் பல்லிளித்துக்கொண்டு நின்றன. நடுவில் ஆட்டுரல் அளவு உருட்டுக்கற்கள். கற்களுக்கு இடையில் முழங்காலளவு தண்ணீர். அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட மோட்டார் ரூம்.

ஒரு கல்லின் தலையில் கறுப்பு ரப்பர் தேய்ந்த தடம் இருந்தது. ஏழரை டயரின் அகலம்.

"புடிச்சுக்குங்க டீச்சர். விழுந்தா என்னைத் திட்டக்கூடாது."

நாலு சக்கரத்துக்குமான ராடைப் போட்டு இறக்கினான். சாதாரண ஜீப்பாக இருந்தால் முதல் கல்லிலேயே வயிறு கிழிந்திருக்கும். இது கற்களைக் காலுக்கிடையில் விட்டுவிட்டு ஆடி ஆடி நடந்தது. செய்த வேலையைச் செங்கோட்டையன் மனசுக்குள் மெச்சிக்கொண்டான். லீவரைத் தூக்கினாலும் மனுஷன் தொழில்காரன்.

மோட்டார் ரூம் கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு பெண், கையில் கொடுவாளோடு நின்றாள். குள்ளம். ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"வண்டிச் சத்தம் கேட்டு சின்னுசாமி அண்ணன்னு நெனச்சேன்," என்றாள். "யாரு நீங்க?"

"வள்ளியாத்தாளா? பயப்படாதீங்க. நான் சேலத்திலிருந்து..."

"யாரு அனுப்பினாங்கன்னு கேட்டேன்."

சாரதாமணி ஒரு கணம் தயங்கினாள். அவள் தயங்கி செங்கோட்டையன் பார்த்ததில்லை. "உங்க அண்ணன்."

கொடுவாள் உயர்ந்தது. "திரும்பிப் பாக்காம போயிருங்க. வெட்டிருவேன்."

"அம்மிணி, நாங்க உன்னைத் தூக்கிட்டுப் போக வரல," என்றான் செங்கோட்டையன். "நீ செத்துட்டியோன்னு பாக்க வந்தோம். உசுரோட இருக்கற. அதுவும் எங்களை வெட்டற அளவுக்குத் தெம்பா இருக்கற. சந்தோசந்தான்."

அவள் சிரிக்கவில்லை. சட்டைக்கையை மேலே ஏற்றி மணிக்கட்டைக் காட்டினாள். கயிறு அறுத்த புண் ஆறி, கறுத்த வளையமாக இருந்தது.

"பத்தொம்பது நாளு. நெல்லுக் குதிருக்குப் பொறத்தால இருக்கற அறையில. இந்தக் காட்டைக் கல்லுக்குவாரிக்காரனுக்கு விக்கறதா எங்கண்ணன் ஒப்பந்தம் போட்டிருக்குது. காடு என்ற பேர்ல இருக்குது. நான் கையெழுத்துப் போடோணும். போட மாட்டேன்னேன். கட்டிப் போட்டுது. மனஸ்தாபம்னு சொல்லியிருக்குமே?"

செங்கோட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று நாள் அந்த வீட்டு வாசலில் நின்று, அந்த மனிதனின் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள்.

"அன்னிக்கு விடியக்காலம் கதவு சரியாப் பூட்டல. ஓடி வந்துட்டேன். சின்னுசாமி அண்ணன் எங்கப்பனுக்கு வண்டி ஓட்டினவரு. என்னை இங்க கொண்டாந்து உட்டுட்டு, தேடறவங்க ரயிலைத் தேடட்டும்னு வண்டிய ஜங்ஷன்ல நிறுத்திட்டு வந்தாரு. அக்காதான் தெனமும் சோறு கொண்டாருது." மூலையில் அந்தச் சோறு வந்த தூக்குப்போசி ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் சி. சென்னியம்மாள் என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பட்டறைக்காரரின் மனைவி.

"ஏன் கோர்ட்டுக்குப் போகல?" என்றாள் சாரதாமணி.

"வழியெல்லாம் எங்கண்ணன் ஆளுக. இன்ஸ்பெக்டரே எங்க ஊட்ல கறிச்சோறு திங்கறவரு. ஒப்பந்தத்துக்கு இன்னிக்கு அஞ்சு மணிதான் கெடு. அஞ்சு தாண்டினா அது செல்லாது. வாயில்லாத சீவன் மாதிரி ஒம்பது நாளு இங்க கெடந்தேன். ஒரே ஒரு சாயங்காலந்தான் பாக்கி." அவள் கொடுவாளைக் கீழே தாழ்த்தினாள். "ஒரு நாளு கழிச்சு வந்திருக்கக் கூடாதா நீங்க?"

சாரதாமணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது அக்கரையில் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

செங்கோட்டையன் எட்டிப் பார்த்தான். வெள்ளை அம்பாசடர். அவன் கண்ணாடியில் பார்த்த புழுதி. பாலசுந்தரமும் தடி வைத்திருந்த இரண்டு ஆட்களும் உடைந்த பாலத்தின் முனையில் நின்றார்கள்.

"சபாஷ் டீச்சரு!" பாலசுந்தரம் கையைத் தட்டினான். "ஜீப்பைக் குடுத்தது இதுக்குத்தான். உங்க வேலை முடிஞ்சுது. அவளை உட்டுட்டு நீங்க போலாம்."

"கண்டுபிடிக்கச் சொன்னீங்க," சாரதாமணி ஓடைக்கு இக்கரையிலிருந்து பேசினாள். "கண்டுபிடிச்சேன். பிடிச்சுக் கொடுக்கறேன்னு சொல்லல."

"மரியாதையாப் பேசறேன்."

"நீங்க மரியாதையாப் பேசினதே கிடையாது."

"எறங்குங்கடா!" என்றான் பாலசுந்தரம். இரண்டு ஆட்களும் தண்ணீரில் கால் வைத்தார்கள். பாசி படிந்த கல்லில் ஒருவன் வழுக்கி உட்கார்ந்து எழுந்தான். வந்துவிடுவார்கள். மிஞ்சிப்போனால் மூன்று நிமிஷம்.

"வேற வழி இருக்கா?" டீச்சர் கேட்டாள்.

"ஓடையிலயே மேல போனா முக்கால் மைல்ல வண்டித்தடம் ஒண்ணு ஏறுது. நாமக்கல் ரோட்டுக்குப் போகும்," என்றாள் வள்ளியாத்தாள். "ஆனா ஓடைக்குள்ளயே போகோணும். கல்லு தெரிஞ்சவங்கதான் ஓட்ட முடியும்." செங்கோட்டையனைப் பார்த்துக் கொடுவாளை நீட்டினாள். "இதைப் புடிங்க. சாவியக் குடுங்க."

பதினெட்டு வருஷ லாரிக்காரன் சாவியைக் கொடுத்துவிட்டு முழங்கால் இடிக்கப் பின்னால் போய் உட்கார்ந்தான். அவள் ஏறிய வேகத்தில் கண்ணாடியைத் தன் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, ராடைத் தள்ளி, தண்ணீருக்குள் விட்டாள். தடியோடு வந்தவர்களில் ஒருவன் பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். செங்கோட்டையன் கொடுவாளின் பின்பக்கத்தால் விரலில் ஒன்று போட்டான். அவன் ஓடையில் விழுந்தான்.

"குளிச்சு நாளாச்சு போல. நல்லா முங்கு சாமி!"

பின்னால் அம்பாசடர் உறுமுகிற சத்தம் கேட்டது. பாலசுந்தரம் ஆத்திரத்தில் காரையே ஓடைக்குள் இறக்கிவிட்டான். கண்ணாடி பார்க்காத மனுஷன் கல்லையும் பார்க்கவில்லை. மூன்று கல் தாண்டவில்லை, மடேர் என்று ஒரு சத்தம். ஆயில் சேம்பர் கிழிந்து கறுப்பு எண்ணெய் தண்ணீரின் மேல் நீளமாகப் பரவியது. கார் மூக்கு குத்தி நின்றது. அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, முழங்கால் வரை நனைந்து, அவர்கள் மூவரின் குடும்பத்தையும் பேர் பேராக வைதான். மோட்டார் ரூமுக்குள் அவன் போவதைத்தான் செங்கோட்டையன் கடைசியாகப் பார்த்தான்.

நாமக்கல் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் மூன்றரை மணிக்கு வள்ளியாத்தாள் கூண்டருகே நின்று மணிக்கட்டைக் காட்டி வாக்குமூலம் கொடுத்தாள். சாரதாமணி சாட்சியாக எழுதிக் கொடுத்தாள். வேலை கொடுத்த ஆளுக்கு எதிராகவே அவள் கையெழுத்துப் போட்டது அது முதல் தடவை. கோர்ட் சுவரில் கடிகாரம் ஐந்து அடித்தது. வள்ளியாத்தாள் வராந்தாப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முடிஞ்சுது அம்மிணி," என்றான் செங்கோட்டையன். "காடு உன்றதுதான்."

அவள் தலையாட்டினாள். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். "போசி! போசி எங்க?"

பேர் வெட்டிய தூக்குப்போசி மோட்டார் ரூம் மூலையிலேயே இருந்தது. செங்கோட்டையன் அதைப் படித்திருந்தான். எடுத்து வரத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அந்த ரூமுக்குள் போனது பாலசுந்தரம்.

இரண்டு கான்ஸ்டபிள்களை ஏற்றிக்கொண்டு அவர்கள் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பட்டறையின் தகரக் கொட்டகை ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. துருத்தியைக் கிழித்திருந்தார்கள். டயர்களில் பாதி எரிந்து புகைந்துகொண்டிருந்தது. சின்னுசாமி கல் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் சென்னியம்மாள் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுக்கு மேலும் ரத்தம் ஊறியிருந்தது.

வள்ளியாத்தாள் ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அஞ்சு தாண்டிருச்சுங்கண்ணா," என்றாள்.

அவர் அவள் தலையில் கை வைத்தார். பிறகு அவளுக்கு மேலாகச் சாரதாமணியைப் பார்த்தார். "கணக்கு சரியா வந்துருச்சா டீச்சரு?"

பதினோரு வருஷம் வகுப்பில் நின்ற சாரதாமணி, தப்பான விடை எழுதிய பிள்ளை மாதிரி நின்றாள்.

"நான் சொல்ல மாட்டேன்னப்பவே நின்னிருக்கோணும் நீங்க. புத்திசாலித்தனத்தைக் காட்டோணும்னு நிக்கறவங்களுக்கு அது தெரியாது."

"தப்பு எங்களோடதுதான்," என்றாள் அவள். "போலீசில அப்படியே எழுதிக் கொடுக்கறேன்."

"எழுதுங்க. இந்தத் தகரம் தானா நிமுந்துக்கும்."

எதிலும் ஒரு நக்கலைத் தேடிப் பிடிக்கிற செங்கோட்டையன் சட்டையைக் கழற்றிப் பக்கத்து மரக்கிளையில் போட்டான். சாய்ந்து கிடந்த விட்டத்தின் அடியில் முதுகைக் கொடுத்து, பற்களைக் கடித்துக்கொண்டு தூக்கினான். முதுகு சுள்ளென்று வலித்தது. தகரம் முனகிக்கொண்டு ஒரு முழம் எழுந்தது. அதற்கு மேல் வரவில்லை.

பின்னால் கல்லிலிருந்து யாரோ எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. சின்னுசாமி வந்து விட்டத்தின் மறுமுனைக்குத் தோள் கொடுத்தார். செங்கோட்டையன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"உங்ககூட நான் பேசறதுக்கு நாலு மாசமாகும்," என்றார். "இப்ப அந்தப் பக்கம் தூக்கு."